பிடிவாதக்காரி மூழ்கிய வாரம்

பெலார்மினோ கிளம்பும்போது என்னிடம் மூன்று விஷயம் சொல்லிவிட்டுப் போனான். மார்ச் வரைக்கும் உருளைக்கிழங்கைத் தோண்டாதே. என் தங்கச்சியோடு மல்லுக்கு நிற்காதே. படகைக் கரையில் ஏற்றாதே. முதல் இரண்டையும் அந்தக் கோடையிலேயே மீறிவிட்டேன். மூன்றாவதை மட்டும் மூன்று வருஷத்துக்கு மேல் கட்டிக் காத்தேன்.

அவன் போனது எண்பத்தாறு அக்டோபரில், அர்ஜென்டினாவுக்கு, ஆட்டு ரோமம் கத்தரிக்க. எங்கள் பக்கம் அக்டோபரிலிருந்து மார்ச் வரைதான் கோடை. எங்கள் ஊர் குயல்மோவில் அந்த மாதங்களில் ஆண் குரல் என்றால் கோயில் மணியடிக்கிற கிழவரின் இருமல்தான். எல்லோரும் போவார்கள், மார்ச்சில் புது பூட்ஸ் போட்டுக்கொண்டு திரும்புவார்கள். என் புருஷனும் அப்படித்தான் வருவான் என்று நினைத்தேன். முதல் வருஷம் கடிதம் வந்தது. இரண்டாம் வருஷம் ஒரு கம்பளிச் சால்வை வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. எல்லை தாண்டி பஸ் ஓட்டுகிற ஒருவன், ரியோ காயேகோஸில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் ஒருத்தியோடு அவனைப் பார்த்ததாக ஊரில் வந்து சொன்னான். சொன்னவனுக்கு நான் தேநீர் கூடக் கொடுக்கவில்லை.

அவன் மேல் எனக்கு ஆசை. முப்பத்துநாலு வயதில் இருந்த ஆசையை எழுபது தாண்டி மறைத்து என்ன ஆகப்போகிறது. அவன் சிரித்தால் முன்பல் ஒன்று கொஞ்சம் குறுக்கே தெரியும். அதற்காகவே நான் ஏதாவது கோணல் பேச்சு பேசுவேன்.

படகின் முகப்பில் 'லா போர்ஃபியாதா' என்று நீலத்தில் எழுதியிருக்கும். பிடிவாதக்காரி என்று அர்த்தம். அது படகின் பெயரா பெண்டாட்டியின் பெயரா என்று பக்கத்து வீட்டு உல்தா கேட்பாள். வாயைத் திறந்தால் கிண்டல்தான் அவளுக்கு. மரப்படகு கரையில் காய்ந்தால் பலகை சுருங்கி இடுக்கு விட்டுவிடும். தண்ணீரில் கிடந்தால் மரம் ஊதித் தானே அடைத்துக்கொள்ளும். ஆனாலும் கசியும். போதாததற்கு எங்கள் ஊர் மழை. அதனால் தினமும் விடிந்ததும் சின்னத் தோணியில் போய், ஒரு பழைய பெயின்ட் டப்பாவால் பிடிவாதக்காரிக்குள் இருந்த தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டு வருவேன். காய்ச்சல் வந்த நாளிலும் போனேன்.

கரையேற்றினால்தானே அடிப்பக்கத்தைச் சுரண்ட முடியும். ஜூனில் சான் பெத்ரோ திருவிழாவுக்கு எல்லாப் படகும் சுரண்டி, வர்ணம் அடித்து, காகிதப் பூ கட்டி ஊர்வலம் போகும். என்னுடையது மட்டும் நங்கூரத்தோடு அங்கேயே கிடக்கும். அடியில் வழவழவென்று ஒரு கசடு, அதன் மேல் பாசி, அதன் மேல் இன்னும் ஏதேதோ. "உன் படகுக்குத் தாடி வளந்துடுச்சு, சவரம் பண்ணி விடு" என்பாள் உல்தா.

எண்பத்தொன்பது செப்டம்பரில் மீன்வளத்துறையிலிருந்து ரெதமால் என்று ஒருவர் வந்தார். ஒல்லியான மனுஷர், மழைக்கோட்டு இரண்டு பேர் நுழையலாம் போலிருக்கும். கழிமுகத்தில் எங்கள் பாட்டன்மார் காலத்துச் சிப்பித் திட்டு ஒன்று உண்டு. வாரி வாரித் தின்றதில் முக்கால்வாசி போய்விட்டது. சால்மன் வளர்க்கும் ஒரு கம்பெனி அந்த இடத்தைக் கேட்டு மனுப் போட்டிருந்தது. ஆரஞ்சு மிதவைகளைக் கூட அடையாளத்துக்குக் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். ரெதமால் எங்கள் பெண்கள் சங்கத்தைக் கூப்பிட்டுச் சொன்னது இதுதான்: குஞ்சு வந்து ஒட்ட மட்டி ஓடுகளைச் சரமாகக் கோத்துத் தொங்கவிடுங்கள், கடல் வெகுதூரம் உள்வாங்குகிற மார்ச் மாதப் பெரிய வற்றத்தில் நான் வந்து பார்ப்பேன், புதுச் சிப்பிப் பிஞ்சு பிடித்திருந்தால் திட்டு உங்களுடையது என்று எழுதுவேன். பிடிக்கவில்லையென்றால் மிதவைக்காரர்களுடையது.

போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். "சரத்தைச் சுத்தமா வச்சுக்கோங்க. சேறு படிஞ்சா குஞ்சு ஒட்டாது."

அவர் அதைச் சொல்லியிருக்கவே கூடாது. அதுவும் என் நாத்தனார் ஓர்ஃபெலினாவின் காதில் விழும்படி.

ஓர்ஃபெலினா காயப்போடும் துணியைப் பார்த்துக் கப்பல்காரர்கள் வழி கண்டுபிடிக்கலாம், அவ்வளவு வெள்ளை. சுத்தம் என்று ஒரு அரசாங்க அதிகாரி சொன்ன பிறகு அவளைப் பிடிக்க முடியுமா. திருவிழா விருந்துகளில் தின்று போட்ட மட்டி ஓடுகள் எங்கள் வீடுகளுக்குப் பின்னால் குவிந்து கிடக்கும். அவற்றில் நானூறைப் பொறுக்கி, மரச்சாம்பலும் மணலும் போட்டுத் தேய்த்து, குளோரினில் ஊறவைத்து, கம்பியில் கோத்தோம். நவம்பரில் திட்டின் மேல் தொங்கவிட்டோம். அத்தோடு விட்டோமா. ஒவ்வொரு சனிக்கிழமையும் எல்லாச் சரத்தையும் இழுத்துத் தோணியில் போட்டு, ஓர்ஃபெலினா வீட்டு முற்றத்தில் மறுபடி தேய்த்தோம். வாரக் கடைசியில் ஓட்டின் மேல் மெல்லியதாய் ஒரு வழவழப்பு ஏறியிருக்கும். அதைப் பார்த்தால் அவளுக்கு உடம்பெல்லாம் கூசும். யார் ஓடு அதிக வெள்ளை என்று எங்களுக்குள் போட்டி வேறு. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அந்த முற்றமும், ஐந்து பெண்களும், சிவந்த கைகளும், நடுவில் சுற்றி வரும் மாத்தே இலைத் தேநீர்க் குவளையும் அப்படியே கண்ணில் நிற்கின்றன. ஐந்தில் மூன்று பேர் இப்போது இல்லை.

கிறிஸ்துமஸ் போயிற்று. ஒரு பிஞ்சு கூட ஒட்டவில்லை. திட்டில் தாய்ச்சிப்பிகள் குஞ்சு விட்டதற்கான அடையாளம் இருந்தது. திறந்து பார்த்த சிப்பிகளில் பாதியின் வயிறு குஞ்சில்லாமல் காலியாகிவிட்டிருந்தது. அத்தனை குஞ்சும் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் இன்னும் கடுமையாகத் தேய்த்தோம்.

ஜனவரியில் வந்த மூன்று அரசர்கள் திருநாளன்று வடக்குக் காற்று அடித்தது. என் படகு நங்கூரத்தையும் இழுத்துக்கொண்டு போய் எங்கள் சரத்திலேயே மாட்டிக்கொண்டது. சிக்கை எடுக்க நானும் உல்தாவும் ஓர்ஃபெலினாவும் போனோம். நங்கூரத்தைத் தூக்கினால்தான் சரம் விடுபடும். எங்கள் நங்கூரம் இரும்பு இல்லை, சாச்சோ. பெரிய கல் ஒன்றை நாலு மரக்கைகளுக்கு நடுவில் வைத்து இறுக்கிக் கட்டியது. மூன்று வருஷமாக அது திட்டின் ஓரத்தில், அடியிலேயே கிடந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஒரு கை ஒடிந்ததென்று மேலே எடுத்து, புதிதாக ஒரு லூமாக் கட்டையைச் சீவி நானே பொருத்தியிருந்தேன். அப்போது எந்தக் கையிலும் ஒரு பிஞ்சு இல்லை.

மூன்று பேரும் சேர்ந்து அதைத் தோணி விளிம்பு வரை இழுத்தோம். பழைய மூன்று கைகளிலும், கல்லின் மேலும், கடுகு கொட்டினாற்போல் பிஞ்சுச் சிப்பிகள். விரல் வைக்க இடமில்லை. புதுக் கட்டையில் ஒன்று கூட இல்லை.

நான் பழைய கையைத் தடவிப் பார்த்தேன். பிஞ்சுகளுக்கு இடையில் வழவழவென்று இருந்தது. புதுக் கையைத் தடவினேன், சீவின மரத்தின் மேல் இப்போதுதான் லேசாக வழவழப்பு ஏற ஆரம்பித்திருந்தது. ஒரே ஆழம், ஒரே தண்ணீர், ஒரே நாள். பக்கத்தில் எங்கள் ஓடுகள் முத்துப் போலப் பளபளத்துக்கொண்டு தொங்கின.

"நாமதான்டி தொடச்சு எறிஞ்சிருக்கோம்" என்றேன். "இந்தக் கொழகொழப்பு இருந்தாத்தான் குஞ்சு உக்காரும். வாரா வாரம் வழிச்சு வழிச்சுப் போட்டிருக்கோம்."

ஓர்ஃபெலினாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. அவள் திட்டிலிருந்து ஒரு தாய்ச்சிப்பியை எடுத்துக் கத்தியால் திறந்தாள். இந்த விஷயத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. வயிற்றுக்குள் இருக்கும் குஞ்சு முதலில் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், பிறகு சாம்பல் ஆகும், வெளியே போகப்போகிற சமயத்தில் கருத்துவிடும். அவள் காட்டியது கருப்பு.

"நாலு நாள். மிஞ்சிப் போனா அஞ்சு" என்றாள்.

அந்தக் கோடையின் கடைசிக் குஞ்சு அதுதான். ஓடுகளை முந்தின நாள் சனிக்கிழமைதான் தேய்த்திருந்தோம். வழவழப்பு நன்றாகப் பிடிக்க இரண்டு வாரமாவது வேண்டும். எங்கள் சிப்பிக் குஞ்சு நாள்கணக்கில் நீந்தி அலைகிற ஜாதி இல்லை. தாயை விட்டு வந்த சில மணி நேரத்திலேயே, அடியிலேயே, பக்கத்திலேயே இடம் பார்த்து உட்கார்ந்துவிடும். அந்தச் சில மணி நேரத்துக்கு, திட்டின் மேல், மூன்று வருஷக் கசடு பிடித்த பெரிய பரப்பு ஒன்று வேண்டும்.

மூன்று பேருமே பிடிவாதக்காரியைப் பார்த்தோம். அவள் மேலே மிதந்துகொண்டிருந்தாள். குஞ்சோ அடியில் இருக்கும்.

"அது எங்க அண்ணன் படகு" என்றாள் ஓர்ஃபெலினா.

"அண்ணன் படகுன்னா தண்ணி இறைக்க ஒரு நாளாச்சும் வந்தியா?" என்று கேட்டேன். அது நியாயமான கேள்விதான், ஆனால் கேட்ட விதம் நியாயமில்லை. அவள் அழுதாள். உல்தா எங்கள் இருவரையும் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தாள், வழி முழுக்க உருளைக்கிழங்கைப் பற்றியே பேசிக்கொண்டு.

மறுநாள் விடிந்ததும் எப்போதும் போலத் தோணியில் போனேன். டப்பாவை எடுத்து இறைக்க ஆரம்பித்தேன். முப்பது டப்பா வரை போயிருக்கும். இவ்வளவு நாளும் நான் இறைத்தது படகுக்காக இல்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. கம்பெனி வந்தால் ஓர்ஃபெலினாவின் பெண்கள் மீன் குடல் உருவுகிற கொட்டகைக்குப் போவார்கள், உல்தா மகனிடம் போய்விடுவாள், நான் மட்டும் யாருமில்லாத கழிமுகத்தில் டப்பாவோடு உட்கார்ந்திருப்பேன். அவன் வந்தாலும் எந்த ஊருக்கு வருவான்? இதையெல்லாம் நான் அன்று இவ்வளவு வரிசையாக யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். கை நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

மரம் தானாக மூழ்காது. கல் ஏற்ற வேண்டும். கரைக்குத் திரும்பியபோது, திருவிழா விருந்தில் குழி தோண்டி மட்டி வேகவைக்கச் சூடாக்குகிற உருண்டைக் கற்களை ஓர்ஃபெலினா தோணியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. நானும் குனிந்து ஒரு கல்லை எடுத்தேன். உல்தாவும் இன்னும் இருவரும் சேர்ந்து மத்தியானத்துக்குள் படகைத் திட்டின் மேல் கொண்டுவந்து கட்டினார்கள். பலகை இடுக்குகளில் அலெர்சே மரப்பட்டை நாரைத் திணித்திருந்தான் பெலார்மினோ, தன் கையாலேயே. அதை ஒரு கொக்கியால் நான் ஒரு பக்கத்திலிருந்து உருவினேன், மறு பக்கத்திலிருந்து அவன் தங்கை உருவினாள்.

"அண்ணி, அண்ணன் வந்து கேட்டா என்ன சொல்லுவ?"

"வரட்டும், மொதல்ல."

தண்ணீர் வந்தது. மூன்று வருஷம் நான் வெளியே கொட்டியதெல்லாம் ஒரே மத்தியானத்தில் உள்ளே வந்தது. பெயர் எழுதிய பலகை கடைசியாகப் போயிற்று. ஐந்து பேரும் தொப்பலாக நனைந்து தோணியில் உட்கார்ந்திருந்தோம்.

அதற்கப்புறம் பல நாள் விடிந்ததும் என் கால் தானாகக் கரைக்குப் போகும். டப்பா கையில் இருக்கும். என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. படகு மூழ்கின அந்த வாரச் சனிக்கிழமை, ஓடு தேய்க்கிற வேலை இல்லாமல் போனதால், வீட்டைத் தேய்த்தேன். அவன் மேல்கோட்டைத் துவைத்துச் சர்ச்சுக்குக் கொடுத்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் அவன் உட்காரும் பெஞ்சில், முதுகும் உள்ளங்கையும் பட்டுப் பட்டு ஒரு பளபளப்பு ஏறியிருந்தது. சாம்பலும் மணலும் போட்டு, அது வெள்ளை மரமாகும் வரை தேய்த்தேன்.

மார்ச் மாதப் பெரிய வற்றத்தில் திட்டு வெளியே வந்தது. அதன் நடுவில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தாள் பிடிவாதக்காரி. ரெதமால் அந்தப் பெரிய மழைக்கோட்டோடு சேற்றில் நடந்து போய்க் குனிந்து பார்த்தார். உள்ளங்கை அகலத்துக்கு நாற்பதுக்கு மேல் பிஞ்சு. முகப்பிலிருந்து பின்பக்கம் வரை நடந்தார், திரும்பி நடந்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"யாரு சொன்னாங்க இப்படிச் செய்யச் சொல்லி?"

"நாங்க சோம்பேறிங்க சார்" என்றாள் உல்தா. "கழுவாம விட்டுட்டோம்."

அவர் எழுதிக் கொடுத்தார். மே மாதம் ஆரஞ்சு மிதவைகள் போய்விட்டன. பிறகு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்து, அந்த வழவழப்பைக் கண்ணாடிச் சில்லில் வழித்து எங்களுக்குக் காட்டினாள். கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் சேர்ந்து கட்டிய தோலாம் அது. குஞ்சுக்கு ஒரு சின்னக் கால் உண்டாம். அதை ஊன்றி ஊன்றி ருசி பார்க்குமாம். யாராவது குடியிருந்த இடம் என்று பட்டால்தான் நிற்கும், நின்ற இடத்தில் பசை விட்டு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் சாகும் வரை நகராது. ஓர்ஃபெலினா முழுவதையும் கேட்டுவிட்டு, எல்லாம் சரி, என் முற்றத்தில் மட்டும் அந்தத் தோல் வேண்டாம் என்றாள்.

படகை அறுத்துப் பலகை பலகையாகத் தொங்கவிட்டோம். அடுத்த கோடையிலிருந்து ஓடுகளை இரண்டு வாரம் ஊறவிட்டுத்தான் திட்டின் மேல் கொண்டுபோனோம். பலகைச் சிப்பிகள் வளர்ந்து அங்குட் சந்தைக்குப் போயின. பெயர் எழுதிய பலகையை மட்டும் நான் விற்கவில்லை. தாய்ச்சிப்பி வேண்டுமே என்று மற்றவர்களிடம் சொன்னேன். உல்தா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

பெலார்மினோ வந்தது தொண்ணூற்றொன்பதில், ஏப்ரலில், பதினொரு மணி பஸ்ஸில். தலை முழுக்க நரை. கையில் ஒரே ஒரு பெட்டி. ரொட்டிக்கடைக்காரி போய்ச் சேர்ந்துவிட்டாளா, அனுப்பிவிட்டாளா என்று நான் கேட்கவில்லை, இன்றுவரை கேட்டதில்லை. உள்ளே வந்து அந்தப் பெஞ்சின் நுனியில், விருந்தாளி உட்காருவது போல உட்கார்ந்தான். நான் கரைக்குப் போய்ப் பெயர்ப் பலகையை இழுத்து, பன்னிரண்டு சிப்பியைப் பெயர்த்து வந்து, திறந்து, எலுமிச்சையும் சூடான உருளைக்கிழங்கு ரொட்டி மில்காவும் சேர்த்து முன்னால் வைத்தேன். பசியோடு தின்றான். ஆறாவதோ ஏழாவதோ எடுக்கும்போது ஜன்னல் வழியாகக் கழிமுகத்தைப் பார்த்தான்.

"படகு எங்க?"

"அதைத்தான் சாப்பிட்டுக்கிட்டு இருக்க."

அவனுக்குப் புரியவில்லை. ஓட்டின் முதுகைத் திருப்பிக் காட்டினேன். பலகையில் ஒட்டியிருந்த இடத்தில் நீல வர்ணம் கொஞ்சம் இருந்தது. அதை அவன் கட்டைவிரலால் வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தான்.

"தண்ணியிலேயே வச்சிருன்னு சொல்லிட்டுப் போனேனே, நோல்ஃபா."

"தண்ணியிலதான் வச்சிருந்தேன்."

அவன் அழுதான். இங்கேயே இருக்கட்டுமா என்று கேட்டான். ஆமாம் என்று சொல்ல எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். ஓர்ஃபெலினா வீட்டு மாடி அறை காலியாக இருக்கிறது என்றேன்.

மறுநாளிலிருந்து அவனும் எங்களோடு சரம் இழுக்க வந்தான். அவனை வீட்டில் சேர்த்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று சங்கத்தில் எல்லோரும் எனக்கு யோசனை சொன்னார்கள். உல்தா மட்டும் ஓடு கோத்துக்கொண்டே, "புதுச் சரம் மாதிரி இருக்கான். ஊறட்டும்" என்றாள்.

நாலு வருஷம் ஊறினான். மாலையில் வந்து பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து ஒரு மாத்தே குடித்துவிட்டுப் போவான். அப்புறம் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார ஆரம்பித்தான். அப்புறம் சுவரில் முதுகைச் சாய்த்தான். நாலாவது குளிர்காலத்தில், ஒரு மழை நாளில், நானே போய் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பதினெட்டு வருஷம் இருந்தான். குறுக்கே தெரிகிற பல் விழுந்துவிட்டிருந்தது, ஆனாலும் சிரிக்க வைக்க முடிந்தது.

அவன் கண்ணை மூடி மூன்று வருஷம் ஆகிறது. ஓர்ஃபெலினா ஒவ்வொரு சனிக்கிழமையும் வாளியும் சாம்பலுமாக வந்து என் வீட்டைத் தேய்த்துக் கொடுக்கிறாள். எனக்கு முட்டி மடங்குவதில்லை. தரையைத் தேய்க்கிறாள், மேஜையைத் தேய்க்கிறாள், ஜன்னல் கட்டையைத் தேய்க்கிறாள். மறுபடி பளபளப்பு ஏறியிருக்கும் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்ததும் பிரஷ்ஷை வாளியில் போட்டுவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறாள். அதைத் தேய்க்காதே என்று நான் ஒரு தடவை கூட அவளிடம் சொன்னதில்லை.